பிரான்சிலிருந்து வந்த கௌரவம்

கடிதத்துக்காகக் காத்திருப்பவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது தவறு. காத்திருப்பவன் நன்றாகத்தான் இருப்பான். பைத்தியம் பிடிப்பது அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு. 1957-ஆம் வருடம் ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை என் வீட்டார் பட்ட பாட்டை நினைத்தால், அவர்கள் என்னைக் கடலில் தள்ளாமல் விட்டதே (கடல் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது) பெரிய விஷயம்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா தணிகாசலம், பஞ்சாலையில் தறிப் பகுதி மேஸ்திரி. நான் கலியபெருமாள், வயது இருபத்தொன்று, மதராசில் விடுதியில் தங்கி வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊர் திரும்பியவன். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. அந்த நினைப்பு என் நடையிலேயே தெரியும் என்பாள் அக்கா விருத்தாம்பாள். அவள் அப்போது தலைப்பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். நாளெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கவனிப்பதுதான் அவளுக்கு வேலை.

மேற்படிப்புக்கு மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். மதராசில் இரண்டு கல்லூரிகள். மூன்றாவது, பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம். கட்டணச் சலுகையோடு இந்த ஊர்ப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு அனுப்பியது. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது என் எண்ணம். உண்மை என்னவென்றால், பதின்மூன்று வயது வரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு அதன்பின் ஆங்கிலப் பள்ளிக்கு மாறிவிட்டேன். ஆக, என் பிரெஞ்சும் பதின்மூன்று வயதோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. வெளியில் மட்டும் அதற்கும் இருபத்தொரு வயது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் வாரம் வீட்டு வாசலில் நின்று தபால்காரர் கோவிந்தசாமிக்காகக் காத்திருந்தேன். இரண்டாவது வாரம் தெருமுனைக்குப் போனேன். மூன்றாவது வாரம் தபால் ஆபீசுக்கே போய், அவர் பையைத் தோளில் மாட்டும்போதே உடன் கிளம்பிவிட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார், நான் நாலு அடி முன்னால் நடப்பேன். ஒரு நாள் அவர் நின்றேவிட்டார்.

"தம்பி, நீ இப்படி முன்னாடி போய்க்கினே இருந்தா ஜனங்க உன்னத்தான் தபால்காரன்னு நெனச்சிக்கிறாங்க. நேத்து ஒரு அம்மா எங்கையில வாங்காம உங்கையில வாங்கிச்சே, பாத்தல்ல?"

பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக்கூடக் காட்டினேன். அதோடு நிற்கவில்லை. தெருவில் மூன்று பேர் தாங்கள் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள்.

"யாருக்கு முதல்ல வருதுன்னு பாப்போம்" என்று அக்கா தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரிப்பாள். "எனக்காவது மாசக் கணக்கு தெரியும். உனக்கு அதுவும் இல்ல."

ஜூலைக் கடைசியில் மதராஸ் கல்லூரி ஒன்று இடமில்லை என்று ஒரு வரியில் கார்டு போட்டது. மற்றொன்று, காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருப்பதாகவும், விருப்பம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதித் தெரிவிக்கும்படியும் கடிதம் அனுப்பியது. இதற்கிடையில் அப்பா ஆலை மேலாளரிடம் பேசி, சாயப் பகுதியில் எனக்கு ஓர் உதவியாளர் வேலைக்கு வழி செய்து வைத்திருந்தார். படிப்பு கிடைக்காவிட்டால் அங்கே. ஆக, கையில் ஒன்றரை வழி இருந்தது. வேறு எவனாக இருந்தாலும் உடனே மதராசுக்குப் பதில் எழுதியிருப்பான். நான், நாளைக்கு எழுதலாம் என்று பேனாவுக்கு மை ஊற்றி வைத்தேன்.

மறுநாள் பிரான்சிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

மெல்லிய நீலக் காகிதம். கோவிந்தசாமி அதை எடுத்து நீட்டும்போது நாங்கள் இருவரும் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். பிரித்தேன். முதல் வரி: 'ழே லொன்னேர்...' அதாவது, 'தங்களுக்குத் தெரிவிக்கும் கௌரவம் எனக்குக் கிட்டியுள்ளது.' கௌரவமாமே! கண் தாவிக்கொண்டு கீழே ஓடியது. 'மிகப் பெரும் கவனத்துடன்' என்று ஓர் இடத்தில். அப்புறம் 'ரெத்தனு' என்றொரு சொல். அது எனக்குத் தெரிந்த சொல். தக்கவைத்துக்கொள்வது, பிடித்து வைத்துக்கொள்வது என்று பொருள். என்னைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்களாம்! அவ்வளவுதான். நடுத்தெருவில் நான் போட்ட கூச்சலில் வண்டி மாடு மிரண்டது.

"கெடச்சிடுச்சா தம்பி?" என்றார் கோவிந்தசாமி.

"கெடச்சிடுச்சிண்ணே! பிரான்சு!"

பாவம், அவர் கண்கள் கலங்கிவிட்டன. (இனி தனியாக நடக்கலாம் என்ற நிம்மதியாகவும் இருக்கலாம்.)

அன்று மாலைக்குள் செய்தி ஆலையின் மூன்று ஷிஃப்டுக்கும் போய்விட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். நான் முதல் வரியை மட்டும் கம்பீரமாகப் படித்து, 'கௌரவம்' என்ற இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை நானே சுருக்கிச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் மட்டுந்தான் படிக்கத் தெரியும். மறுபடி அதை மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடம் கொடுத்தார்.

அடுத்து நான் செய்தவை இரண்டு. மதராஸ் கல்லூரியின் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டேன். ஆலை மேலாளருக்கு மட்டும் பிரெஞ்சிலேயே ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாக இருக்க வேண்டுமே என்று, பிரான்சுக் கடிதத்தின் முதல் வரியையே காப்பியடித்து, 'தாங்கள் அளிக்கவிருந்த வேலையை ஏற்க இயலாது என்பதைத் தெரிவிக்கும் கௌரவம் எனக்குக் கிட்டியுள்ளது' என்று எழுதினேன். எழுதியவன் நான். கையெழுத்துப் போட்டவன் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தெருப் படிப்பகத்தில் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒலிபெருக்கி, மேசை, இரண்டு ரோஜா மாலை. தலைமை தாங்க எங்கள் பகுதியில் ஒருவருக்குத்தான் தகுதி உண்டு: முசே சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பிரான்சைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் எல்லாரும் அவரை 'முசே' (பிரெஞ்சில் 'ஐயா') போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து தம்முடைய பழைய கம்பளிக் கோட்டை என்னிடம் கொடுத்தார்.

"அங்க குளுரு எலும்புக்குள்ள பூந்துடும். இத எடுத்துக்கினு போ. நாளைக்குக் கூட்டத்துக்கும் போட்டுக்கினு வா. ஜனங்க பாக்கட்டும்."

ஆகஸ்டு மாதம், புதுச்சேரி, முழங்கால் வரை இறங்கும் கம்பளிக் கோட்டு. போட்டுக்கொண்டு போனேன். மேடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் என் முதுகில் வாய்க்கால் ஓடியது. கழுத்தில் மாலை வேறு. முன்வரிசையில் அம்மா புதுப் புடவையில். பக்கத்தில் நாற்காலியில் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் தறிப் பகுதி ஆட்கள் அத்தனை பேரும். அப்பா மட்டும் உட்காராமல் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலு பேர் பேசினார்கள். ஒருவர் நான் பிரான்சில் விஞ்ஞானியாகி நம் ஆலைக்குப் புதுச் சாயம் கண்டுபிடித்து அனுப்புவேன் என்றார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன் (மறுக்கவில்லை). பிறகு முசே எழுந்தார்.

"லெத்தர் எங்க தம்பி? குடு. மொதல்ல அவுங்க பாஷையிலயே படிச்சிக் காட்டறேன். அப்புறம் தமிழ்ல சொல்றேன்."

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டாளத்து அணிவகுப்பில் நிற்பவர்போல நெஞ்சை நிமிர்த்தி, "ழே லொன்னேர்..." என்று தொடங்கினார். கைதட்டல். அடுத்த துண்டு. கைதட்டல். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஜனங்கள் தட்டினார்கள். 'மிகப் பெரும் கவனத்துடன்' வந்தபோது நானே தட்டினேன்.

அதற்கப்புறம் அவர் குரல் தணிந்தது. நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். உதடு மட்டும் அசைய ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். கூட்டம் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு நேராகச் சொன்னார்:

"தம்பி... இதுல இல்லன்னு போட்ருக்கான்டா."

இல்லன்னு போட்ருக்கான்டா என்று படிப்பகத்துக் கூரையில் கட்டியிருந்த குழாய் தெரு முழுக்கச் சொன்னது.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் விரல் வைத்த இடத்தில், 'ரெத்தனு'வுக்கு மூன்று சொல் முன்னால், ஒரு சின்ன எழுத்து. அதன் தோளில் ஒரு கீற்று. பிரெஞ்சில் அந்த ஓர் எழுத்தும் கீற்றும் சேர்ந்தால் 'இல்லை' என்று அர்த்தம். பத்து நாளாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. 'தங்கள் விண்ணப்பம் மிகப் பெரும் கவனத்துடன் ஆராயப்பட்டும், ஏற்கப்படவில்லை என்பதைத் தெரிவிக்கும் கௌரவம்...' பிரெஞ்சுக்காரன் ஆபீஸ் கடிதம் எழுத உட்கார்ந்தால் தூக்குத் தண்டனையைக்கூடக் கௌரவத்தோடுதான் தெரிவிப்பான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கைதட்டல் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றது. எனக்கு எழுந்து நிற்கவும் தெரியவில்லை. முசே காகிதத்தை மடித்து என் கையில் வைத்து, அதே மெதுவான குரலில் (அதே ஒலிபெருக்கியில்) சொன்னார்: "கோட்ட கழட்டிடுடா. எப்படி வேர்க்குது பாரு."

அப்போது அக்கா சிரித்துவிட்டாள். அடக்கித்தான் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததில் அம்மாவும், அம்மாவைப் பார்த்துத் தறிப் பகுதியும், கடைசியில் கூட்டமே சிரித்தது. சிரித்த வேகத்தில் அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. எனக்குச் சூட்டுவதற்கு வைத்திருந்த இரண்டாவது மாலையை மேசையில் போட்டுவிட்டு எல்லாரும் வண்டி பிடிக்க ஓடினார்கள். இன்றுவரை நான் அக்கா மகளுக்கு நன்றிக் கடன் பட்டிருக்கிறேன். அவள் அன்று வராமல் இருந்திருந்தால் நான் மேடையை விட்டு எப்படி இறங்கியிருப்பேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் நானும் முதல் வண்டியில் மதராஸ் போனோம். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது, அந்த இடத்தை அடுத்த பையனுக்குக் கொடுத்தாயிற்று என்றார். ஒரே நிமிடம். திரும்பும்போது விழுப்புரம் வரைக்கும் அப்பா ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அந்தக் காயிதத்த நீ படிச்சப்போ, மொத வரியோட நிறுத்திட்ட" என்றார் கடைசியில். "மீதி என்னாடான்னு நான் கேட்டிருக்கணும். எனக்கென்னா, படிச்ச புள்ளய எப்படிக் கேக்கறதுன்னு இருந்துச்சி."

அன்றைக்கு எனக்கு வந்த அழுகை, இடம் போனதற்காக அல்ல.

ஊருக்கு வந்ததும் அவரே என்னை ஆலை மேலாளரிடம் கூட்டிப்போனார். மேலாளர் காரைக்கால்காரர், பிரெஞ்சைப் போலவே தமிழையும் மூக்கால் பேசுவார். மேசை இழுப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்தார். பிரான்சுக் கடிதத்தை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டின் முதல் வரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கௌரவம்னா என்னான்னு உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கே. நீயே அதப் போட்டுத்தான எனக்கு 'வாணாம்'னு எழுதியிருக்க?"

"ஆமாங்க."

"உன் கடுதாசியில ஏழு தப்பு இருக்கு. இருந்தாலும் 'வாணாம்'ங்கறது தெளிவாப் புரியுது." பெல்லை அழுத்தினார். "நாளைக்கு ஆறு மணி ஷிஃப்டுக்கு வா. தினக்கூலிதான்."

ஒரு வருடம் சாயத் தொட்டிகளுக்கு நடுவே வேலை பார்த்தேன். அந்த வருடம் முழுக்க என் விரல்கள் நீலமாகவே இருந்தன. அடுத்த ஜூலையில் அதே மதராஸ் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை நான் ஏழு முறை படித்தேன். போதாது என்று அப்பா அதை வாங்கிக்கொண்டு முசே வீட்டுக்குக் கிளம்பினார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அவருக்கு ஆங்கிலம் வராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது சட்டமாகிவிட்டது. எந்த நல்ல செய்தி காகிதத்தில் வந்தாலும் சரி, முசே சவரிநாதன் கடைசி வரிவரை பார்த்தபிறகுதான் இனிப்பு. எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபின், அரியாங்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் சம்மதம் தெரிவித்துத் தமிழில், அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதிய கடிதமும் அவரிடம்தான் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துவரை படித்து, காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இருக்குன்னுதான் போட்ருக்காங்க" என்று கையெழுத்து வைக்காத குறையாகச் சொன்ன பிறகே அம்மா அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்தாள்.

அந்தக் கடிதத்தை எழுதியது என் மாமனார் அல்ல, அவர் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதியது கல்யாணப் பெண்தான் என்று பின்னால் தெரிந்தது. இப்போதும் எங்களுக்குள் ஏதாவது வாக்குவாதம் வந்தால் அவள் சண்டை போடுவதில்லை. "கடைசி வரிவரைக்கும் படிச்சிட்டுத்தானே கட்டுனீங்க?" என்பாள்.

"படிச்சது நான் இல்ல, முசே" என்பேன்.

"அதான் உருப்படியா நடந்துச்சி" என்பாள்.