புகழேந்தியார் மீசை காத்த படலம்

வாழ்க புகழேந்தியார்! கோப்புக் காடுகளின் நடுவே இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தபடியே உலகாண்ட மேல்நிலை எழுத்தர், நாற்காலி தேய்த்த நாயகர், கைக்கெட்டும் தண்ணீர்ப் புட்டிக்கும் பிறரை ஏவும் பெருந்தகை, கருநாகம் இரண்டு தலைகோத்துப் படுத்தாற்போன்ற மீசைக்கு உரியவர், நீடு வாழ்க!

மூன்று புறம் தமிழ்நாடு சூழ, நான்காம் புறம் கடல் சூழ, தண்ணீர் போதாத தீவெனக் கிடக்கும் காரைக்காலில், ஆண்டுதோறும் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாற்பது கிலோமீட்டர் நெடுநடைப் போட்டி நடக்கும். நேராக நடந்தால் வேறு மாநிலம் வந்துவிடும் என்பதால், இருக்கிற நிலத்தையே வளைத்து வளைத்துப் பாதை வகுத்திருந்தார்கள். ஓடுவது குற்றம்; ஒரு காலாவது எப்போதும் மண்ணில் இருக்க வேண்டும்.

சென்ற மூன்று ஆண்டுகளும் கடைசியாக வந்தவர் நம் நாயகர். கடைசிக்கு முந்தியவர் அற்புதம்; போலகத்தில் தபால் கொடுக்கும் பெண்மணி, ரப்பர்ச் செருப்பே தேராகக் கொண்டவர். இந்த இழிவு பொறாத புகழேந்தியார், அலுவலகத் தேநீர் வேளையில், பதினொரு பேர் சாட்சியாக, மேசை அதிர முழங்கினார்:

“இந்த வருஷமும் அந்தம்மாவுக்குப் பின்னாடி வந்தேன்னா, இந்த மீசைய எடுத்துடுறேன்!”

கேட்ட பதினொருவரும் அற்புதத்தின் கால்நலம் வேண்டி அவரவர் தெய்வத்தைத் தொழுதார்கள்.

விடியல் ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய போர், சிறப்பு விருந்தினர் எட்டு மணிக்கு வந்திறங்கி, நடப்பதன் நன்மைகளை நாற்பது நிமிடம் எடுத்துரைத்து, கொடியசைத்துவிட்டுக் காரேறிப் போன பின்னரே தொடங்கிற்று. இதயத்தை எண்ணும் கடிகாரமும் இந்திரவில் வண்ணக் காலணியும் பூண்டு புறப்பட்ட புகழேந்தியார், திருநள்ளாறு தாண்டுமுன் வலக்குதிகாலில் ஒரு கொப்புளமும், நெடுங்காட்டில் இடக்குதிகாலில் அதன் இரட்டைப் பிறவியும் எய்தினார். இளைஞர்கள் அம்பெனக் கடந்தார்கள். முதியோர் நலம் விசாரித்துக் கடந்தார்கள். முந்நூறு அடி முன்னால், எவரையும் வெல்ல நினையாத அந்த ரப்பர்ச் செருப்பு மட்டும் பட்பட்டென்று போய்க்கொண்டே இருந்தது.

போலகத்தில் விதி கண் திறந்தது. வாசலில் நின்ற காசியம்மா, “ஏ அற்புதம், எம்மவன் அனுப்புன ரிஜிஸ்டர் வந்துச்சா?” என்று மறித்தார்.

“இன்னும் வரலக்கா. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அடுத்த வாசலில் வேறொருவர் ஆதார் கார்டு கேட்டார். அதற்கடுத்த வாசலில் மோர் கொடுத்தார்கள். அற்புதம் ஒவ்வொரு வாசலிலும் நிற்க, கோட்டைச் சுவர் இடிந்த வழியே புகும் வேந்தனைப்போல், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, புகழேந்தியார் முந்தினார்!

ஆயினும் பட்டினச்சேரி முனையில் காத்திருந்தது ஒரு கருநாய். வானவில் காலணியை அது அதற்குமுன் கண்டதில்லை. பல் வெண்மை காட்டி உறுமிய அதன் எதிரே, ஓடினால் தகுதி போகும், நின்றால் தொடை போகும் என்ற அறச்சிக்கலில் அகப்பட்டுக் கால்மணி நேரம் சிலையாகி நின்றார் மாவீரர். அற்புதம் வந்து சேர்ந்தார்.

“ஏய், போடா அந்தாண்ட!”

தபால் வரும் வழியில் தினமும் கேட்ட குரலுக்கு வாலாட்டியபடி நாய் விலகிற்று. இனி மறைக்க எதுவுமில்லை. நாயகர் தம் சபதத்தை முழுவதும் சொன்னார். அற்புதம் அவர் மீசையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

“மீசைக்கா சார் இவ்ளோ தூரம் நடந்தீங்க? முன்னாடி போங்க. நான் செருப்பு வாரை மாட்டிக்கிட்டு மெதுவா வரேன்.”

வார் கழன்றிருக்கவில்லை. அதைப் புகழேந்தியாரும் கண்டார். நாணம் அவரை ஆட்கொண்டது; நான்கு அடி தூரம் வரை ஆட்கொண்டிருந்தது. ஐந்தாம் அடியில் அதை உதறிவிட்டு நடந்தார்.

மாலை வெயில் சாயக் கடற்கரை சேர்ந்தபோது பந்தல் இல்லை, மாலை இல்லை, பதக்கப் பெட்டியும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் சஃபியுல்லா மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இருபது அடி பின்னால் வரும் அற்புதத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்ததா எழுதிக்கவா சார்?” என்று கேட்டார்.

திசைகள் செவிசாய்த்தன. கடல் அலையை நிறுத்திற்று.

“நான்தான் முன்னாடி,” என்றார் புகழேந்தியார்.

அன்று மாலையே அலுவலக வாட்ஸப் குழுவில், நாயும் வாரும் இடம்பெறாத நீண்ட வெற்றிக் காவியம் ஒன்று வெளியாயிற்று. இறுதிக் கட்டத்தில் தாம் காட்டிய புயல்வேகத்தை அதில் மூன்று பத்திகளுக்கு விரித்திருந்தார். பதினொரு கட்டைவிரல்கள் உயர்ந்தன. மறுநாள் நேரில் வந்து எஞ்சியதைச் சொல்வதாக அறிவித்து, எண்திசையும் தம் பெயர் ஒலிப்பதாக எண்ணி, வெற்றித் திருமகளை மார்பில் தாங்கிய மிடுக்கோடு அவர் கண்வளர்ந்தார்.

காலையில் மாடிப்படி இறங்க முடியாததால் லீவு போட்டார்.