மாட்டுக் கண்ணும் நிரந்தர வேலையும்

தட்டில் கிடந்த மாட்டுக் கண் அறிவியல் வாத்தியாரையே முறைத்துப் பார்த்தது. இன்றைக்கு அதை வெட்டிக் காட்டுவதுதான் பாடம்.

ஊசி என்றாலே மயங்கி விழுகிற மனுஷன். இன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியை நோட்டும் கையுமாகக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வகுப்பைப் பார்த்துத்தான் வாத்தியாருக்கு வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு. வீட்டிலோ மனைவிக்கு எட்டாம் மாதம்.

சரி, இழுத்தடிப்போம் என்று கரும்பலகையில் கண்ணை வரைந்தார். இமை, புருவம் வரைக்கும் வரைந்து தள்ளினார்.

"எப்ப சார் வெட்டுவீங்க?" முதல் பெஞ்சுப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாராவது ஒருத்தர் வந்து வெட்டுங்களேன்!"

ஒருத்தரா? நாற்பது பேரும் பாய்ந்தார்கள். மேசை ஆடி, கண் துள்ளி விழுந்து, பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு கடைசி வரிசைக்கே போய்விட்டது. ஆய்வக உதவியாளர் ஓடிப்போய்ப் பொறுக்கி, கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாரும் இடத்துக்குப் போங்க! நானே வெட்டுறேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒன்றும் தெரியாதே! கழற்றிப் பையில் போட்டார். உலகம் மங்கியதும் தைரியம் வந்தது. குத்துமதிப்பாக ஒரு வெட்டு.

"சார், அது கையுறை!"

இன்னொரு வெட்டு. கறுப்புத் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது.

"ஐயோ, இங்க குடுங்க சார்." முதல் பெஞ்சுப் பெண் கத்தரிக்கோலை வாங்கி, பதமாக வெட்டி, லென்ஸை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைத்தாள். அடியில் எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. வகுப்பே கைதட்டியது.

மணி அடித்து, பிள்ளைகள் போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் மட்டும் அசைவே இல்லை. சரிதான், வேலைக்கு வேட்டு என்று நினைத்த வாத்தியார், கண்ணாடி மாட்டக்கூடத் தோன்றாமல் அந்த மங்கலான உருவத்தின் முன் போய் நின்றார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். ரத்தம், சதை எதைப் பாத்தாலும் எனக்குப் பயம். குழந்தை பொறக்கப் போற நேரம், வேலையை மட்டும் எடுத்துடாதீங்க மேடம்."

பதில் இல்லை. பாவம், வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

உதவியாளர் தண்ணீரோடு வந்தார். "அவங்க காதுல எங்க சார் விழப்போகுது? கண்ணு வந்து கால்ல முட்டினப்பவே மயங்கிட்டாங்க. பசங்க பாத்துடக் கூடாதேன்னு நான்தான் சுவத்துல சாய்ச்சு வெச்சேன். இந்த வகுப்பு எடுக்கப் பயந்துதானே, விழுந்து விழுந்து படிச்சு அவங்க ஹெட்மிஸ்ட்ரஸே ஆனாங்க!"