பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பெட்டி

மெட்டல் டிடெக்டர் மூன்றாவது முறையும் அதே இடத்தில் அலறியபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பூங்காவுக்கு வந்ததிலிருந்து இரண்டு சோடா மூடியும் ஒரு வளைந்த ஆணியும்தான் கிடைத்திருந்தன. அவற்றுக்கெல்லாம் கருவி லேசாக முனகியதோடு சரி. இதற்கோ பசித்த குழந்தை மாதிரி விடாமல் கத்தியது.

கருவி அவருடைய மனைவி கொடுத்த பிறந்தநாள் பரிசு. விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மின்விசிறி, மிக்ஸி, கதவுக் கீல் என்று ஒவ்வொன்றின் சத்தத்திலும் குறை கண்டுபிடிக்கும் புருஷனை வெளியே அனுப்ப அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தோண்டிய குழியை ஒழுங்காக மூடிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பூங்காத் தோட்டக்காரரும் அனுமதித்திருந்தார்.

புதர் ஓரமாக, ஒரு பெஞ்சுக்கு நேர் பின்னால் இருந்தது அந்த இடம். அவர் மண்டியிட்டுச் சின்ன மண்வெட்டியால் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் தகரம் தட்டுப்பட்டது. பழைய டிரங்குப் பெட்டி. கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. தூக்கிப் பார்த்தார். நல்ல கனம்.

"அத வெளிய எடுக்காதீங்க."

பின்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தோளில் துணிப்பை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"உங்களோடதாம்மா?"

"எங்க நாய் அது."

மின்சாரம் தாக்கியவர் மாதிரி மெக்கானிக் கையை எடுத்தார். தொழிலில் அவரை நிஜமாகவே மின்சாரம் தாக்கியிருக்கிறது. அப்போதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூச்சுத் திணறல் வந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பழுப்பு நாய் ஏதோ வண்டியில் அடிபட்டுப் போய்விட்டது. அவளுடைய கணவர்தான் தனியாளாக எடுத்து வந்து இங்கே புதைத்தார். முகத்தைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் இந்த பெஞ்சில் வந்து உட்காருகிறாள். இருட்டும் நேரத்தில் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து கூட்டிப் போவார்.

மெக்கானிக் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"பரவால்லங்க. தெரியாமத்தான பண்ணீங்க. சட்டுனு மூடிட்டுப் போயிடுங்க, அது போதும்" என்றாள் அவள், பூங்கா வாசலைப் பார்த்தபடி.

அவர் சட்டென்று மூடியிருக்கலாம். ஆனால் அரைகுறையாக விட்ட வேலை ஆளைக் கொல்லும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். இன்றைக்கு ஒரு முழத்தில் அவர் எடுத்ததை நாளைக்கு வேறொருவன் எடுக்க மாட்டானா? இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுவதுதான் அந்த ஜீவனுக்குச் செய்யும் மரியாதை என்று முடிவு செய்தார். அவள் வேண்டாம் என்றாள். பெருந்தன்மையில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் ஓங்கி வெட்டினார்.

அடியில் செடிகளுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் இருந்தது.

முதலில் ஒரு சீறல் கேட்டது. பிறகு தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி அவர் முகத்தில் அடித்தது. குழி நிரம்பியது, கரை உடைந்தது. தோட்டக்காரர் எங்கிருந்தோ ஓடிவந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வால்வை மூடப் போனார். அதற்குள் புதர் ஓரம் வயல் மாதிரி ஆகியிருந்தது. பெட்டி சேற்றில் பாதி முங்கிக் கிடக்க, அந்த அம்மாள் புடவையெல்லாம் சகதியோடு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கண் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. பாவம், இந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குப் போகத் தவிக்கிறாள் என்று அவர் மனம் உருகினார். தன்னால் ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறல் திரும்பிவிட்டதே என்று பயமும் வந்தது.

கணவரைக் கூப்பிடுவோம் என்றார்.

"அவர் எதுக்கு?" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "கடையில வேலையா இருப்பார். அவரெல்லாம் வேணாம்."

மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனைவி வேண்டாம் என்றால் கட்டாயம் வேண்டும் என்றுதான் அர்த்தம் என்பதை அவர் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். எதிர்த் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்தான் கணவர் என்று தோட்டக்காரர் சொன்னார். நம்பரும் அவரிடமே இருந்தது. நாயின் சமாதியில் சின்னப் பிரச்சினை, பெட்டி வெளியே வந்துவிட்டது என்று மெக்கானிக் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் ஓடும் சத்தம் கேட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மனைவியைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"யாரும் தொறக்கலயே?"

இல்லை என்றார் மெக்கானிக். அந்தக் கேள்வியில் இருந்தது துக்கம்தான் என்று நினைத்தார். இவ்வளவு சேதம் செய்த கையால் ஒன்றையாவது சரியாகச் செய்வோம் என்று, பெட்டியைச் சேற்றிலிருந்து எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கடைக்காரரிடம் நீட்டினார். அடிப்பக்கம் துருவேறியிருந்தது. நீட்டிய நிலையிலேயே அது கழன்றது.

முதலில் ஒரு கழுத்துப் பட்டை விழுந்தது. அப்புறம் ஒரு போர்வைத் துண்டு. கடைசியாக, மெக்கானிக்கின் கால் கட்டை விரலில், ஓர் இஸ்திரிப் பெட்டி.

வலியை அவர் சத்தமில்லாமல் விழுங்கினார். அது கத்துகிற நேரமில்லை.

"நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டி" என்றாள் அந்த அம்மாள் மெதுவாக.

கடைக்காரர் ஈர பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாய் முடி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். இன்னொரு தடவ வந்தா உன்னக் காப்பாத்துறது கஷ்டம்னார். சொன்னா நீ கேக்க மாட்ட. நான் போனாலும் பரவால்ல, அது இருக்கட்டும்பே. அதான் நாய் டாக்டர்கிட்ட விட்டு, நல்ல வீடா பாத்துக் குடுத்துடுங்கன்னேன். எந்த வீடுன்னு நான் கேக்கல. தெரிஞ்சா போய் நின்னுடுவேன்னு பயம்." கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்தார். "பெட்டி கனமா இருக்கணுமேன்னு இஸ்திரிப் பெட்டிய வெச்சேன். நீ தினமும் இங்க வந்து அழுறதப் பாக்கும்போதெல்லாம் சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வரும்."

தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக்கின் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வருஷப் பொய்யை இரண்டு சோடா மூடிக்கு ஆசைப்பட்டு வெளியே இழுத்துப் போட்டாகிவிட்டது. இந்தக் குடும்பம் இனி என்ன ஆகும்?

ஆனால் அந்த அம்மாள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. கணவரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாம். கெளம்புங்க. இப்பவே."

அவரை இழுத்துக்கொண்டு பின்பக்க வாசலை நோக்கி வேகமாக நடந்தாள். அந்த வேகத்தைப் பார்த்து மெக்கானிக் பதறினார். இப்படி மௌனமாகக் கிளம்பும் கோபம் லேசில் ஆறாது. நொண்டிக்கொண்டே ஓடிப்போய் வழியை மறித்துக் கைகூப்பினார். சார் சொன்னது பொய்தான், ஆனால் பாசத்தில் சொன்னது, அவரை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது என்றார். அவள் வழியை விடச் சொன்னாள். அவர் விடவில்லை. மின்விசிறியில் ஆரம்பித்துத் தன் வீட்டுச் சண்டைகளையெல்லாம் உதாரணம் காட்டினார். அவள் திரும்பித் திரும்பி முன்வாசலைப் பார்த்தாள். அவர் இன்னும் உருக்கமாகப் பேசினார்.

அப்போதுதான் முன்வாசலில் பழுப்பு நிற நாய் ஒன்று கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தது. சேற்றைத் தாண்டி, மெக்கானிக்கின் கால்களுக்கு நடுவே புகுந்து, நேராக அந்த அம்மாளின் இடுப்பில் இரண்டு காலையும் தூக்கி வைத்து, துணிப்பைக்குள் மூக்கை விட்டது. கடைக்காரர் சிலையாகிப் போனார். அந்த அம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த இளம்பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னைக்கு லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதீங்கக்கா. தினமும் உங்ககிட்ட வந்து பழகிட்டான்ல, மத்தியானத்துலேர்ந்தே கதவப் பிராண்டிக்கிட்டுக் கெடந்தான்."