ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு காதணி விழா

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் சொல்கிற விதம் சரியில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் பிறந்தது வேதாரண்யம். அப்பாவுக்கு உப்பளம். மாசியில் உப்பு வாருகிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் போதும், பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்து போகும். அதனால் செய்தியில் "கடலோர மாவட்டங்களில்" என்று ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் மிக்சியை நிறுத்திவிடுவார்கள். (சட்னி காத்திருக்கும், மேகம் காத்திருக்குமா?) அந்தப் பயிற்சியில் வளர்ந்த என்னைப் போடிநாயக்கனூரில் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே அண்ணாந்து மலையைப் பார்ப்பார்கள், இன்றைக்கு மழை இல்லை என்பார்கள், சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். விஞ்ஞானம் அறியாத சனம் என்று முடிவு கட்டினேன்.

குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் என் மாமியாருக்கு ஏலத்தோட்டம். மாமனார் இல்லாததால் அத்தை வைத்ததுதான் சட்டம். கல்யாணமான மறுவருஷம் தோட்டத்தின் மேல் துண்டை மட்டும் எங்களிடம் விட்டார். அதை ஒழுங்காகப் பார்த்துக் காட்டினால் முழுத் தோட்டமும் எங்கள் பொறுப்பு. இல்லையென்றால் அத்தையின் தம்பிக்குக் குத்தகை. அந்தச் சின்ன மாமா அடிக்கடி வீட்டுக்கு வந்து, நான் சுட்ட வடையைத் தின்றுகொண்டே, செடியெல்லாம் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார்.

ஏலச்செடிக்கு மர நிழல் வேண்டும். வைகாசியில், பெருமழை இறங்குவதற்கு முன்னால்தான் மரங்களைக் கவாத்து செய்து கிளைகளைக் கழிப்பார்கள், மழைக்காலத்தில் செடிக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று. இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாசியில் நான் பார்த்த முன்னறிவிப்பு, தென் கடலோரத்தில் இந்த வருஷம் கோடைமழை முந்தி வரும், வழக்கத்தைவிட அதிகமாகவும் வரும் என்றது. மழை முந்தி வந்தால் கவாத்தும் முந்தித்தானே ஆக வேண்டும்? வைகாசியில் ஊரே ஆள் கிடைக்காமல் அலையும்போது நாம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று கணவருக்கு விளக்கினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "வேதாரண்யத்து மழை இங்கன வருமா?"

"வானம் என்ன ரெண்டா இருக்கு?" என்றேன்.

அத்தைக்குச் சொல்லாமல் கிளைகளை வெட்டினோம். மரங்களெல்லாம் பழனிக்குப் போய் வந்தது போல மொட்டையாக நின்றன. சில நாளில் அப்பா போன் செய்தார். அங்கே அடைமழை, உப்பெல்லாம் போச்சு என்றார். எனக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைப்பானேன்? முன்னறிவிப்பு அப்படியே பலித்துவிட்டது. எங்கள் சரிவில்தான் ஒரு பொட்டு விழவில்லை. வெயில் நேராக இறங்கி ஏல இலைகளை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

பச்சை நிழல்வலை வாங்கலாம் என்றால், போடியில் எந்தக் கடையில் கேட்டாலும் சேதி சாயங்காலத்துக்குள் அத்தை காதுக்குப் போய்விடும். அப்போதுதான் பரணில் சுருட்டி வைத்திருந்த பிளெக்ஸ் பேனர்கள் ஞாபகம் வந்தன. இந்தப் பக்கம் ஒரு குழந்தைக்குக் காது குத்தினால் சொந்தக்காரர் அத்தனை பேர் முகத்தையும் போட்டுத் தெருவை அடைத்து பேனர் வைப்பார்கள். முடிந்ததும் எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். (ஆயிற்று.) நாத்தனார் பிள்ளைகளின் காதணி விழா பேனர்களையும் பங்காளி வீட்டுப் பேனர்களையும் ஜீப்பில் ஏற்றிப் போய், கம்பு நட்டு, செடிகளுக்கு மேலே கூரையாகக் கட்டினோம். சரிவு முழுக்கச் சொந்தக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு நாலைந்து இடத்தில் இருந்தார். நடுவில் கைகூப்பியபடி, ஆளுயரத்துக்கு அத்தை.

எதிர்ச்சரிவில் ஜீப்பு ரோடு போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு டிரைவர் அண்ணன் போடிக்கு இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்குப் போய், தோட்டத்தில் விசேஷம் வைத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

மறுநாள் மதியம் அத்தை வந்து இறங்கினார். கூடவே சின்ன மாமா. அத்தை தம் படத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, வெளுத்த இலைகளைத் தடவிப் பார்த்தார்.

"ஏத்தா, யாரக் கேட்டு மரத்தக் கழிச்ச?"

முன்னறிவிப்பை எடுத்துக் காட்டினேன். கடல், காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாம் சொன்னேன். சின்ன மாமா புன்னகைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழை வரும், வந்தே தீரும் என்று மலை கேட்கும்படி சொன்னேன்.

வந்தது. முகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறிக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நியாயமான கூரையில் தண்ணீர் ஓடிவிடும். நான் கட்டியது தூளி மாதிரி தொங்கியது. ஒவ்வொரு சொந்தக்காரர் வயிற்றிலும் தண்ணீர் சேர்ந்து கனத்தது. ஒதுங்க வேறு இடமில்லாமல் அத்தை அங்கேயே நின்றார். கம்பு முறிந்தது. அத்தை மேலேயே அத்தை மொத்தமாக இறங்கினார்.

தூக்கி நிறுத்தினோம். சொட்டச் சொட்ட நின்ற மாமியாரிடம் ஒரு நல்ல மருமகள் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னது இது:

"நான்தான் சொன்னேனே அத்தை, மழை வரும்னு."

என் கணவர் அந்த மழையில் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

பாதிச் செடி பிழைத்தது, பாதி போயிற்று. தோட்டம் சின்ன மாமாவுக்குக் குத்தகைக்குப் போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சில வருஷம் கழித்துத்தான் எங்களிடம் திரும்பி வந்தது. வந்த பிறகும் கவாத்துக்கு நாள் குறிப்பது அத்தைதான், என்னை அந்தப் பக்கம் அண்டவே விடுவதில்லை.

ஆனாலும் நான் முன்னறிவிப்பை விடவில்லை. ஒவ்வொரு மாசியிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏலக்காய்க்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்து, இந்தக் கோடைக்கு மழை எப்படி என்று பேச்செடுத்தால், அத்தை என் பக்கம் கையைக் காட்டுவார்.

"எம் மருமக சொன்னா மழ கட்டாயம் பெய்யும்ப்பா. எந்த ஊர்லன்னு மட்டும் கேட்டுக்க."

வீடே சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேதாரண்யத்தில் தொடங்கி ஒவ்வொரு ஊராகச் சொல்வேன். போடி வருகிற வரைக்கும் வந்தவரை எழுந்து போக விடுவதில்லை.