சுயராஜ்யம் ஐயா கட்டுப்பட்ட தீர்மானம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளைக்காரனை இன்னமும் விரட்டிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் எங்கள் சுயராஜ்யம் ஐயாதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் டீச்சராக இருந்த காலம் முழுக்க, அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திராட்சைத் தோட்டக்காரர். பழமையை விட்டுக்கொடுக்காத ஒரு சின்னக் கட்சிக்கு ஒன்றியத் தலைவர். ஒன்றியத்தில் கட்சி என்பதே அவர் ஒருவர்தான் என்று கேலி பேசுவார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் நிற்பார், தோற்பார். மறுநாளே ஜெயித்தவர் வீட்டுக்கு மாலையோடு போய், எப்படி ஆளவேண்டும் என்று வெயில் சாயும்வரை சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார்.

பள்ளிக் குழுவிலும் அவர் உண்டு. நான் போன புதிதில் குழுக் கூட்டத்தில் அவருக்கு டீ கொடுத்தேன். தொடவில்லை.

“வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது, டீச்சரம்மா. காப்பி இருந்தாக் குடுங்க.”

“காப்பி மட்டும் நம்ம ஊர்ச் சரக்காங்கய்யா?”

“அது நம்ம மலைல வெளையுது. குடியுரிமை வாங்கிருச்சு.”

மேகமலை முழுக்கப் பச்சைப் பாயாக விரிந்து கிடக்கும் டீத்தோட்டங்களை ஞாபகப்படுத்தினேன். டீ டம்ளரைப் பார்த்தார். “ஆறிப்போகுதுல்ல, இங்கன தள்ளுங்க” என்றார்.

காலையில் இங்கிலீஷ் பள்ளி வேன் ஊருக்குள் வந்தால் குறுக்கே போய் நிற்பார். “ஏலே, கழுத்துல என்னடா கயிறு? கயிறு மாட்டுக்குத்தான்டா!” வேனுக்குள்ளிருந்து டை கட்டிய பிள்ளைகள் எல்லாம் ‘ம்மா’ என்று கத்தும். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொள்கை பரவுகிறதாம்.

“நாடு தன்னைத்தானே ஆளணும்னா பள்ளிக்கூடத்துலயே பழகணும், டீச்சரம்மா. கெவருமெண்டு சொல்லி ஒரு புள்ள பல்லு வெளக்குனா அது அடிமை. தானா வெளக்குனாத்தான் சுயராஜ்யம்” என்பார். அவர் வீட்டில் மட்டும் ராணி ஆட்சி. பேச்சு உச்சத்தில் இருக்கும்போது, “அங்கன என்ன வெட்டிப் பேச்சு? சோறு ஆறுது!” என்று அவர் மனைவியின் குரல் வரும். நாட்டை அப்படியே நடுவில் போட்டுவிட்டு எழுந்து போவார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். பெண்பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வராது. “எட்டாவது போதும். வீட்ட ஆள அதுக்கு மேல எதுக்கு? பஸ்ஸேறி உத்தமபாளையம் போயி என்ன ஆகப்போகுது?” என்பார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மகள்களை எட்டாவதோடு நிறுத்திய வீடுகள் ஊரில் இருந்தன. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். என் கோபத்தையும் காப்பி மாதிரி ரசித்துக் கேட்டுவிட்டுப் போனார்.

இந்த நிலையில், அவருடைய யோசனைப்படியே பள்ளியில் மாணவர் சபை அமைத்தோம். “புள்ளைகளே தீர்மானம் போடட்டும். அதுக்கு நாமளும் கட்டுப்படணும்” என்று அவரே அறிவித்தார். எட்டாம் வகுப்புக் கௌமாரி தலைவியாக ஜெயித்தாள்.

முதல் தீர்மானம்: காலைக் கூட்டத்தில் ஐயாவின் பேச்சு வெயில் ஏறுவதற்குள் முடியவேண்டும். கைதட்டி ஏற்றுக்கொண்டார். அடுத்ததற்குக் கௌமாரியே எழுந்தாள்.

“ஐயா, எங்கள நாங்களே ஆளுறதுதான சுயராஜ்யம்?”

“ஆமா ஆத்தா! அப்படிக் கேளு!”

“அப்ப, ஒம்பதாவது போறதா வேணாமான்னு நாங்கதான முடிவு பண்ணணும்? எங்கப்பா என்னைய எட்டோட நிறுத்தப்போறாக. கேட்டா, ஐயா சொன்னாகங்கிறாக.”

அதையும் தீர்மானமாக ஓட்டுக்கு விட்டாள். மைதானத்தில் பிள்ளைகள் எல்லாரும் கை தூக்கினார்கள். ஒன்றாம் வகுப்பு, எதற்கென்றே தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியது. ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போய் நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் கௌமாரி வீட்டு வாசலில் நின்றார். அவள் அப்பாவிடம், “ஏலே, புள்ளைய ஒம்பதாவது சேத்துவிடு. என் கருத்து மாறல. எட்டே போதும்னுதான் இன்னமும் சொல்லுவேன். ஆனா சபை தீர்மானம் போட்டுருச்சு. நானே மீறுனா அப்புறம் என்னத்த சுயராஜ்யம்?” என்றாராம்.

பள்ளி திறந்ததும் இன்னொரு சிக்கல். உத்தமபாளையம் போகும் காலை பஸ் எங்கள் ஊர் விலக்கில் நிற்காமல் பறந்தது. ஐயா நடுரோட்டில் போய் நின்றார்.

“பெரியவரே, இது ஸ்டாப்பிங் இல்ல” என்றார் கண்டக்டர்.

“இனிமே ஸ்டாப்பிங்தான். தீர்மானம் போட்டாச்சு.”

கௌமாரியும் மற்றப் பிள்ளைகளும் ஏறி உட்காரும்வரை நகரவில்லை. போகப்போக பஸ் தானாகவே நிற்கத் தொடங்கியது. அவர்தான் வந்து நிற்பதை விடவில்லை.

நான் இப்போது பெரியகுளம் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். போன தேர்தலிலும் அவர் தோற்றுப்போன செய்தியைக் கௌமாரிதான் போனில் சொன்னாள். அவள் தேனியில் நர்சிங் படிக்கிறாள்.

“பொம்பளப் புள்ளைகளுக்கு எட்டாவது போதும்னுதான் டீச்சர் இந்தத் தடவையும் மேடையில பேசுனாக” என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பேச்சுக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போடமாட்டேன். ஆனாலும் அவர் தோற்றுப்போனதை நினைத்து அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.