கார்டுக்குச் செவ்வாய் தோஷம்

திருச்சி பாலக்கரையில், பாத்திரக் கடை மாடியில் நாதபூஷணம் ஹரிஹரசுதன் கடை விரித்த நாளிலிருந்து அந்த மாடிப்படியில் செருப்பு விட இடமில்லை. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இவர் பார்த்தது எலக்ட்ரானிக் டிரம் பேடுக்கும் மெமரி கார்டுக்கும் பொருத்தம். விஞ்ஞானம் வளர்ந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கிரகங்களையும் கூடவே வளர்த்துவிட்டார்கள்.

முறை எளிது. பேட் வாங்கிய தேதியும் நேரமும் சொன்னால் அதன் ஜன்ம நட்சத்திரம் கிடைத்துவிடும். நீங்கள் கொண்டுபோன கார்டை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடுவார். கொள்ளளவு பெரிய கார்டு என்றால் கட்டாயம் செவ்வாய் தோஷம். தோஷக் கார்டை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று சொல்லி, உண்டியலில் போட வைப்பார். பிறகு தன்னிடமுள்ள சின்னக் கார்டு ஒன்றைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூஜை செய்து, சந்தனப் பொட்டிட்டுத் தருவார். விலை மட்டும் பெரிது. உண்டியலில் விழுந்த கார்டுகள் எந்தக் கடைக்குப் போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. மதபேதம் பார்க்காத மனிதர் வேறு. பேண்டு செட் அப்துல் மாலிக்கையும் மற்றவர்களைப் போலவே மொட்டையடித்தார்.

அரியமங்கலம் ஜெயக்குமாருக்கு அவர்மேல் அசையாத நம்பிக்கை. ஜெயக்குமார், செபஸ்தியான் நடத்தும் மெல்லிசைக் குழுவில் பேட் வாசிப்பவர். குச்சியால் தட்டினால் உறுமி, பம்பை, தவில் என்று எதுவும் பேசும் பழைய மாடல் பேட் அது. அந்தச் சத்தமெல்லாம் இருப்பது கார்டில்தான். நாதபூஷணம் கொடுத்த கார்டு முதலில் நன்றாகத்தான் வேலை செய்தது. வெள்ளிக்கிழமைதோறும் கார்டின் முன்னும் பின்னும் புதுப் பொட்டு வைக்க வேண்டும் என்பது உத்தரவு. மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் ஜெயக்குமார் அதை மறக்கவில்லை.

பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்கள் மேடையேறும் நேரம் பார்த்து உறுமியை ஓங்கித் தட்டினார். பேட் வாயைத் திறக்கவில்லை. ரப்பரில் குச்சி படுகிற ‘டொக்’ மட்டும் கேட்டது. மணப்பெண்ணே சிரித்துவிட்டாள். செபஸ்தியான் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. சமயபுரம் கச்சேரியிலும் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஜெயக்குமாருக்கு அந்தக் குச்சியை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது.

கச்சேரி நாள் காலையில் பேடைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைக்கு ஓடினார். குழுவின் பாடகி பானுமதியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

“அண்ணே, அந்த மிஷினோட ஒரு புஸ்தகம் குடுத்திருப்பாங்களே, படிச்சீங்களா?”

அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்திருப்பதாக ஜெயக்குமார் பெருமையாகச் சொன்னார். பானுமதி அதே புத்தகத்தைப் போனில் தேடிப் படித்துக்கொண்டே வந்தாள்.

மாடியில் நல்ல கூட்டம். துறையூர்க்காரர் ஒருவர் தன் பேடுக்கு மாலை போட்டே கொண்டுவந்திருந்தார். நாதபூஷணம் ஜெயக்குமாரின் கார்டைத் தொட்டதும் கையை உதறினார். பேடுக்கு அஷ்டமச் சனி தொடங்கிவிட்டதாம். கார்டு செத்துவிட்டதாம். புதுக் கார்டுக்குப் பெரிய பூஜை போட வேண்டுமாம். ஜெயக்குமாரின் கை சட்டைப் பைக்குப் போனது. பானுமதி குறுக்கே புகுந்து, முதலில் தன் வீட்டு மிஷின் ஒன்றின் ஜாதகத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு தேதியும் நேரமும் சொன்னாள்.

நாதபூஷணம் விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. “உத்திராடம். சங்கீத யோகம் உச்சத்துல இருக்கு. மேடையை ஆளப் பொறந்த கருவிம்மா இது.”

“எங்க வீட்டு கிரைண்டருங்க சாமி. இட்லிக்கு மாவு ஆட்டிக்கிட்டிருக்கு.”

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவர்களை முறைத்தார்கள். கிரைண்டர் சுற்றுவதிலும் நாதம் உண்டு என்று நாதபூஷணம் சமாளித்தார். அதற்கும் தலையாட்ட ஆளிருந்தது.

“செத்த கார்டுதானே, நான் தொட்டா குத்தமில்லையே?” என்று பானுமதி அதை எடுத்தாள். பின்பக்கம் பளபளக்க வேண்டிய தகடுகள்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. சுரண்டி, முந்தானையால் அழுந்தத் துடைத்து, பேடில் செருகினாள். ஜெயக்குமார் குச்சியால் தட்டினார். உறுமி அதிர்ந்தது.

நாதபூஷணம் அசரவில்லை. தன் பார்வை பட்டதால்தான் உயிர் வந்தது என்றார். கூட்டம் கும்பிடு போட்டது. ஜெயக்குமாரும்தான் கும்பிட்டார்.

பானுமதி நாதபூஷணத்தின் தட்டிலிருந்தே சந்தனத்தை வழித்து அந்தத் தகடுகளில் பூசி, கார்டை நீட்டினாள். “இப்பவும் பாருங்க சாமி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க.”

அவர் பார்த்தார். மந்திரம் சொன்னார். வியர்த்தார். ஜெயக்குமார் தட்டினார். டொக். ஸ்ரீரங்கத்து மணப்பெண்ணின் சிரிப்பு காதில் கேட்டது. யாரும் சொல்லாமலே கார்டைப் பிடுங்கித் தானே துடைத்தார், செருகினார், தட்டினார். உறுமி மறுபடி அதிர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் குளித்து முழுகித் தன் பிழைப்பில் தானே சந்தனம் பூசியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் மாலிக் எழுந்துபோய்த் திரையை இழுத்தார். உள்ளே சாமி படம்கூட இல்லை. அதே மாடல் பேட் ஒன்று மின்சாரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. பானுமதி போனில் படித்ததைச் சொன்னாள்: இந்த மாடல் கொள்ளளவு குறைந்த சின்னக் கார்டைத்தான் ஏற்கும், அதையும் இதே மிஷினில் போட்டு ஒருமுறை அழித்துத் தயார் செய்து சத்தங்களை ஏற்ற வேண்டும். பூஜை என்றால் அவ்வளவுதான். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. கூட்டம் திரும்பிப் பார்த்தபோது நாதபூஷணம் பின்பக்கப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். உண்டியலையும் மறக்காமல் எடுத்துப்போனார்.

சாயங்காலம் சமயபுரத்தில் பம்பையும் உறுமியும் பொரிந்து தள்ளின. செபஸ்தியான் ஜெயக்குமாருக்கு டீ வாங்கி அவரே கொண்டுவந்து கொடுத்தார். அப்போது அந்தத் துறையூர்க்காரர் மாலையும் பேடுமாக மேடை ஓரம் வந்து நின்று, பயபக்தியோடு பானுமதியைக் கேட்டார்.

“கார்டைத் தொடைச்சுக் காட்டுனீங்களேம்மா, எந்த நேரத்துல தொடைச்சா நல்லதுங்க?”

பானுமதி மைக்கைத் தள்ளி வைத்தாள். “யோசிக்க ஆரம்பிக்கிற நேரம்தாங்க நல்ல நேரம். உங்களுக்கு அது இன்னும் பொறக்கல.”