ஐயா என்றால் மூன்றை அழுத்தவும்

"என்ன வேணும்?" என்று மைக்கில் சொல்லிவிட்டு அறிவிப்பாளர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க சார். உங்களைச் சொல்லலை."

"என்னைத்தான் சொல்லணும்," என்றார் தகவல் தொடர்புத் துறை இயக்குநர். "நான்தான் பொதுமக்கள்னு வெச்சுக்குங்க. கவுண்டருக்கு வெளியே நிக்கிறேன். சொல்லுங்க."

"என்ன... வேணும்?"

"கேக்குற மாதிரி இருக்கே."

"கேள்விதானே சார்?"

"கேள்விதான். பதில் வேண்டாம்கிற மாதிரி கேக்கணும்."

அறிவிப்பாளர் பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தே பழகிய தொண்டை. ஒரு பஸ் வராது என்பதைக்கூட அவள் சொன்னால் அந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்த நிம்மதி வரும் என்பார்கள். அந்தக் கீர்த்தியினால்தான் தேசிய அளவில் பேசுவதற்கு அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்றாம் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உரிய பதிவுகள் காலையிலேயே முடிந்துவிட்டன. ஒன்றாம் எண்ணில்தான் சிக்கல்.

"வீட்ல யாரையாவது திட்டுவீங்கல்ல? அதை நெனச்சுக்குங்க," என்றார் துணை இயக்குநர்.

"வீட்ல என்னைத்தான் சார் திட்டுவாங்க."

கடைசியில் அலுவலகத்தின் பழைய ஐந்தாம் கவுண்டர்க்காரரை வரவழைத்தார்கள். கவுண்டர் மூடப்பட்ட பிறகு அவரை மாடியில் ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஓய்வு வயதை நெருங்கியவர். வந்தவர் மைக்கைப் பார்த்தார். பிறகு, வழக்கப்படி, மேசையைப் பார்த்தார்.

"முதல்ல பேனாவை மூடணும்மா," என்றார். "மூடிட்டுத்தான் கேக்கணும். இதுல 'என்ன' நம்மளுது. 'வேணும்' அவங்களுது. அதை அவங்க பக்கம் தள்ளி விட்டுடணும்."

அவள் கண்களைத் தாழ்த்தி, ஒரு பேனாவை வாங்கி மூடி, சொன்னாள். அறையில் இருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் சட்டைப் பையில் ரசீதைத் தேடினார்கள்.

"பிரமாதம்," என்றார் ஆலோசகர். "நிறுவன நினைவாற்றலைப் பேணுதல்னு நம்ம வியூகத்துல ஒரு அத்தியாயம் இருக்கு. அது இதுதான்."

வியூகம் என்றால், தகவல் தொடர்புத் தொழில்நுட்ப மேம்பாட்டுக்கான தேசிய வியூகம். அதன்படி நாட்டிலுள்ள அரசு கவுண்டர்கள் அனைத்தும் மூடப்பட்டு, அவற்றின் இடத்தில் ஒரே ஒரு தொலைபேசி எண் வைக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் தேதி வேண்டுமென்றாலும் அந்த எண்தான். வேறு எந்த வழியிலும் எவருக்கும் எதுவும் தரலாகாது என்று இயக்குநர் தாமே கையெழுத்திட்டுச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். இந்த ஏற்பாட்டுக்கு 'முகமறியாக் கனிவு' என்று பெயர் சூட்டியவரும் அவர்தான்.

இந்தப் பதிவுகளுக்கு முன் நடந்த வெள்ளோட்டத்தில் ஒரு குறை தெரிந்தது. எண்ணை முதலில் அழைத்தவர் துறைச் செயலர். அடுத்து அழைத்தவர் செயலர் வீட்டுத் தோட்டக்காரர். இருவரிடமும் குரல் "சொல்லுங்க" என்றது. மாலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே தோட்டக்காரர் இந்தச் சந்தோஷத்தைச் செயலரிடம் பகிர்ந்துகொண்டார். மறுநாள் குழு அமைக்கப்பட்டது.

குழு கூடிய அறையில் நாற்காலிகள் இல்லை. நாற்காலி மனிதனைப் பழைய கோணத்தில் யோசிக்கவைக்கிறது என்று சொல்லி ஆலோசகர் அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, பஞ்சுமூட்டை மாதிரி இருக்கைகளைப் போட்டிருந்தார். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குள் காலுறை இல்லாமல் வருபவர். ஆகவே அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். இயக்குநர் தன் வீட்டு நாற்காலிகளைக்கூடக் கொடுத்துவிட்டு மூட்டைகள் வாங்கிவிட்டார். துணை இயக்குநருக்கு மட்டும் மூட்டையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுக்காமல் எழ முடியாது. அதனால் அவர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்து வெளிநடப்புச் செய்ததில்லை.

"கவுண்டர்ல ஆளைப் பார்த்ததும் நீயா நீங்களான்னு தெரிஞ்சிடும்," என்று மூட்டைக்குள்ளிருந்து அவர் கவலைப்பட்டார். "போன்ல சட்டை தெரியாதே."

"அவங்களையே கேட்டுடலாம் சார்," என்றார் ஆலோசகர். "சுயசேவை."

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை காலம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று இயக்குநர் வருந்தினார். குழு தன் அறிக்கையில், 'மரியாதை என்பது வரம்புக்கு உட்பட்டதொரு தேசிய வளம். வேண்டுவோர் வேண்டிய அளவில் தாமே எடுத்துக்கொள்வதே ஜனநாயகம்' என்று பதிவு செய்தது. இவ்வாறாக அந்த எண்ணை அழைத்தவுடன், ஐயா அல்லது அம்மா என்றால் மூன்றை அழுத்தவும், நீங்கள் என்றால் இரண்டை அழுத்தவும், நீ என்றால் ஒன்றை அழுத்தவும் என்று கேட்கலாயிற்று. வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, அழைத்தவர் பெயரும் அவர் அழுத்திய எண்ணும் கேட்ட விஷயமும் அலுவலக முன்கூடத்தில் ஒரு பெரிய திரையில் உடனுக்குடன் ஓடின.

தொடக்க நாளில் நாடே மூன்றை அழுத்தியது. சும்மா கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நாமும்தான் அழுத்தினோம்.

மூன்றை அழுத்தியவரைக் குரல், 'பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே, தங்கள் பொன்னான நேரத்தில் ஒரு துளியை எங்களுக்கென ஒதுக்கிய பெருந்தன்மைக்கு' என்று ஆரம்பித்து வரவேற்கும். வரவேற்பு முடியக் கால் மணி நேரம் ஆகும். பிறகு காக்கவைப்பதற்கு வருத்தம் தெரிவிக்கும். வருத்தத்தைத் தாமதமாகத் தெரிவித்ததற்கு இன்னொரு வருத்தம். ஒருவருக்கு மரியாதை செய்து முடிப்பதற்குள் பின்னால் ஊரே காத்துக்கிடக்கும். அலுவலக நேரம் முடிந்ததும் குரல் எல்லோரையும் ஒருசேர வணங்கி இணைப்பைத் துண்டிக்கும். இரண்டாம் எண்ணிலும் ஏறக்குறைய இதே கதை. வணக்கம் மட்டும் கொஞ்சம் குட்டை.

ஒன்றை அழுத்தினால், "என்ன வேணும்? சொல்லு. சரி, போ." வேலை முடிந்தது.

இயக்குநரின் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம். வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணில் ஓரங்கள் மறைந்து, நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் அளவுக்கு உலகம் மிஞ்சியிருந்தது. "இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். நரம்பு போயிடுச்சுன்னா அப்புறம் பண்ணியும் பிரயோஜனமில்லை," என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்ய அவர் தயார். தேதி மட்டும் அவர் கையில் இல்லை. அந்த எண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இயக்குநர் தினமும் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே மர நாற்காலியில் உட்கார்ந்து மூன்றை அழுத்தினார். மூட்டை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இருமுறை விழுந்த பிறகு அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே பழகிவிட்டாள்.

"இன்னிக்கு எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்பாள்.

"'பெருந்தன்மைக்கு' வரைக்கும்."

"நேத்தே அதைத் தாண்டியாச்சே."

"நேத்து வருத்தம் வரைக்கும் போச்சு. கட்டாயிடுச்சு. மறுபடி முதல்லேருந்து."

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். "நம்ம டிரைவர் தம்பியோட மாமியாருக்கு நாளைக்கு ஆபரேஷனாம். ஒன்னை அழுத்தினாராம். எந்தக் கண்ணுன்னு கேட்டுச்சாம், சொன்னாராம், தேதி குடுத்துடுச்சாம்."

"அவர் டிரைவர்."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"முன்கூடத்துல திரை இருக்குடி. இயக்குநர் ஒன்னை அழுத்தினார்னு ஓடும். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆபீஸ் போறது?"

"எனக்கு மூஞ்சி சரியாத் தெரியறதில்லைங்க," என்றாள். "எதை வெச்சுக்கிட்டுப் போனாலும் ஒண்ணுதான்."

"பொறு. நான் வேற வழி பார்க்கறேன்."

வேற வழி என்பது ஆஸ்பத்திரித் தலைவர். இருவரும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். தலைவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுக்கும் சத்தம் போனில் கேட்டது.

"'வேறு எந்த வழியிலும் எவருக்கும் எதுவும் தரலாகாது,'" என்று வாசித்தார். "அருமையான தமிழ்டா. யார் எழுதினது?"

"நான்தான்."

"அதான பார்த்தேன். சரி, அந்த நம்பர்ல முயற்சி பண்ணு. எங்கம்மாவுக்கு இடுப்புக்கு நானும் அதுலதான் முயற்சி பண்றேன்."

அந்த வாரத்திலேயே ஒன்றாம் எண்ணின் புகழ் பரவிவிட்டது. முதலில் கடைக்காரர்கள், பிறகு வாத்தியார்கள், அப்புறம் வக்கீல்கள் என்று படிப்படியாக இறங்கி வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தெருவிளக்குக்காக ஒன்றை அழுத்தினார். விளக்கு எரிந்தது. ஆனால் கடைசியில் குரல் "சரி, போ" என்று சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து புகார் எழுதினார். குழு மீண்டும் மூட்டைகளில் அமர்ந்தது. சமூகத்தின் உயர்ந்த மனிதர்கள் புழங்கும் ஒரு எண்ணில் அவர்களை ஒருமையில் அழைப்பது பொருத்தமல்ல என்று முடிவாயிற்று. மூன்றாம் எண்ணின் வரவேற்பு அப்படியே ஒன்றாம் எண்ணுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இயக்குநர் அன்று மனைவியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்ததால் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

அன்று டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நாட்காட்டியை மட்டும் பார்த்தார். இயக்குநர் நேரே அலுவலகம் வந்து, தன் அறையை உள்பக்கம் தாழிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஒன்றை அழுத்தினார்.

"பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே," என்றது குரல்.

அவர் போனை வைத்துவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக மரியாதை அவருக்கு வேண்டாததாக இருந்தது.

மறுநாள் குழுக் கூட்டத்தில், "ஒன்னுக்குக் கீழே இடம் இருக்கா?" என்று அவர்தான் கேட்டார்.

"பூஜ்ஜியம் சும்மாதான் சார் இருக்கு," என்றார் ஆலோசகர்.

"அதுல எப்படிக் கூப்பிடறது?"

"டேய்," என்றார் துணை இயக்குநர்.

"பெண்கள் அழைச்சா?"

"அடியே."

"ரெண்டு வேற வேற வார்த்தை வெச்சா பாலினச் சமத்துவத்துக்கு விரோதம் சார்," என்றார் ஆலோசகர். "பொதுவா 'ஏய்'னு வெச்சுடலாம். நம்ம வியூகத்துல சமத்துவத்துக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு."

ஐந்தாம் கவுண்டர்க்காரர் மறுபடியும் அழைக்கப்பட்டார். இப்போது அவருக்கு 'மரபறிவு வல்லுநர்' என்று பதவி. ஆனால் அறிவிப்பாளருக்கு இந்த முறை அவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அவள் பேசுவதைக் கேட்டுப் பயணிகள் தாமாகவே வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். வரைவில் 'வரிசையில் நிற்கவும்' என்று இருந்ததை இயக்குநர் பச்சை மையில் அடித்து, 'வரிசையில நில்லு' என்று திருத்தினார். மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

பூஜ்ஜியம் திறக்கப்பட்ட முதல் நாள் திரையில் அந்தப் பத்தி காலியாக இருந்தது. யார் முதலில் இறங்குவது என்று நாடு யோசித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை இயக்குநர் முன்கூடத்தைக் கடக்கும்போது திரைக்குக் கீழே ஊழியர்கள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்ஜியத்துக்கு நேராகப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. துறைச் செயலர், தண்ணீர். ஓய்வுபெற்ற நீதிபதி, மீண்டும் தெருவிளக்கு. ஆஸ்பத்திரித் தலைவர், அம்மா இடுப்பு. ஆலோசகர், குளியலறைச் சாக்கடை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆலோசகரே அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பொதுமக்கள் ஏற்பு விகிதம் நல்லா வருது சார்," என்றார், தன் பெயர் மேலேறி மறையும்வரை காத்திருந்து.

தோட்டக்காரர் பெயர் மட்டும் மூன்றில் இருந்தது. அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லையாம். தினமும் காலையில் வரவேற்பைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம்.

இயக்குநர் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்து வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி சுவரோரம் வந்து நின்றாள்.

"மூணா?" என்றாள்.

அவர் பூஜ்ஜியத்தை அழுத்தினார். பேனா மூடும் சத்தம் கேட்டது. அதையும் பதிவு செய்திருந்தார்கள்.

"ஏய்," என்றது குரல். "உன்னை மாதிரி நாடு பூரா நிக்குது. வரிசையில நில்லு."

இயக்குநர் எழுந்து நின்றார். அது பதிவு செய்த குரல் என்பது அவருக்குத் தெரியும். அந்த 'நில்லு' தன் பச்சை மை என்பதும் தெரியும். இருந்தாலும் நின்றார். இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என்ன வேணும்?"

"கண் ஆபரேஷனுக்குத் தேதிங்க."

"எந்தக் கண்ணு?"

"இடதுங்க."

"தெரியுதா, தெரியலையா?"

"கொஞ்சம் தெரியுதுங்க. நடுவுல மட்டும்."

"கதை வேண்டாம். வியாழக்கிழமை. காலைல வெறும் வயித்தோட வா. லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிடு. வை."

"ரொம்ப நன்றிங்க," என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"வியாழக்கிழமை."

"இந்த வியாழனா?"

"இந்த வியாழன்தான்."

"மரியாதையாப் பேசினாங்களா?"

"ம்," என்றார். "கூட்டம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் சுவரை விட்டுக் கையெடுத்து, காற்றில் துழாவி, நாற்காலியின் முதுகைக் கண்டுபிடித்தாள். அதைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.